படமும் பெயரும்

இசைத்தட்டு விளம்பரம், காதுக்குரியதைக் கண்ணுக்குக் காட்டி விற்கும் கலை. 1899இல் கிராமபோன் நிறுவனம் வாங்கிய ஓவியத்தில், குழலருகே செவிசாய்த்த நாய் கேட்டலையே காட்சியாக்கிற்று. திருமலை இசைக்கோ வேங்கடவன் திருவுருவமே போதும். தமிழரும் தெலுங்கரும் ஒரு நோக்கில் உணர்வர்.

ஆயினும், படம் சொல்லாதது ஒன்றுண்டு. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி தேவஸ்தானத்திற்காகப் பாடிய 'பாலாஜி பஞ்சரத்னமாலை'யில் அன்னமாசாரியர் கீர்த்தனைகள் பல உள. தலைப்பில் தெய்வம் உண்டு, புலவர் இல்லை. அவர் பாடல்களைக் காத்தது செப்பேட்டு எழுத்து. விளம்பரத்திலும் புலவர் பெயர் படத்தடியில் பொடியெழுத்தாய் ஒடுங்கலாகாது என்போம். சித்தூரிலும் திருப்பதியிலும் வளரும் நம் பிள்ளைகள், தமிழ்க்குரலையும் தெலுங்குப் பாட்டையும் ஒருங்கே போற்றுதற்கு அப்பெயரே வாயில்.