பாம்புக்கு ஒரு பானை

வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தில், விஷம் எடுக்கப் பிடித்துவரும் பாம்புகளைக் குடிவைப்பது மண்பானையில். கண்ணாடித் தொட்டியைவிட எனக்கு அதுதான் பிடிக்கிறது. அடியில் மணல், சுற்றிலும் சுட்ட மண்ணின் சொரசொரப்பு, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே இருட்டும் குளுமையும். மிரண்ட பாம்பு தேடுவது விசாலத்தை அல்ல. உடம்பைச் சுவரோடு ஒட்டிச் சுருண்டுகொள்ள ஓர் இடுக்கு. பானையின் வளைவு அதற்கென்றே செய்ததுபோல் அமைந்துவிடுகிறது. கண்ணாடி விரியன் சீறும்போது மட்டும் பானையின் வயிறு முழுக்க ஒலித்து, உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்லிவிடும்.

பானையின் வாய் கட்டும் அழகைத் தனியாகச் சொல்லவேண்டும். பருத்தித் துணி: காற்று போகும், பாம்பு போகாது. விளிம்பில் சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்து, கழுத்தைச் சுற்றிக் கயிறு ஓட்டி, இறுக்கி ஒரு முடிச்சு. அவிழ்க்கும்போதும் அதே நிதானம். துணியை விலக்கி, பானையை மெல்லச் சாய்த்து, பாம்பு தானாக வழிந்து வரும்வரை காத்திருக்கும் கைகள் அவை. சில வாரங்களில் அதைக் காட்டில் விடப்போகிறார்கள் என்பதால் ஒரு செதில்கூட உரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.