கையறுநிலையும் திரையிசைச் சுவைஞர் இரங்கலும்

இறந்தாரைக் குறித்து எஞ்சியோர் இரங்கிக் கூறுவதைத் தொல்காப்பியர் கையறுநிலை எனக் குறியிட்டுக் காஞ்சித்திணையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை உடையார் அதனைப் பொதுவியலுள் வைத்தார். புறநானூற்றுத் துறைக் குறிப்புகளும் பொதுவியல் என்றே கூறுகின்றன. திணை வைப்பில் வேறுபாடு இருப்பினும், செய்வதறியாது செயலற்று நிற்கும் நிலையே கையறவு என்பதில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இத்துறை சங்க காலத்தோடு முடிந்ததா? முடியவில்லை என்பார், பிற்காலத்து இரங்கற்பாக்களையும் நாட்டுப்புற ஒப்பாரியையும் சான்றாகக் காட்டுவர். அவை இரண்டும் தக்க சான்றுகளே. ஆயினும் இன்று தமிழ் மக்கள் மிகுதியாக இரங்கி எழுதுவது யாரைக் குறித்து என நோக்கின், வியப்பான ஒரு விடை கிடைக்கின்றது. தாம் ஒருநாளும் நேரிற் கண்டு பழகாத பாடகரையும், நடிகரையும், இசையமைப்பாளரையும் குறித்தே அவர்கள் எழுதுகின்றனர். நாளிதழின் வாசகர் கடிதம், வார இதழின் நினைவுக் கட்டுரை, இரங்கற் கூட்டத்து உரை, தெருமுனையிற் காணும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகிய அனைத்தும் இவ்வகையின. இரசிகர் என வழங்கும் சுவைஞர் எழுதும் இவ்விரங்கல்களை வெற்று ஆரவாரம் எனத் தள்ளும் புலவர் உளர். அவற்றுட் பல அத்தகையனவே என்பதையும் மறுத்தற்கில்லை. ஆயினும் அவற்றுட் சிறந்தவை கையறுநிலையின் உயிர்நிலையை அறிந்தோ அறியாமலோ காத்து வருகின்றன என்பதும், ஓரிடத்தில் அதனை முற்றும் புதிய நிலைக்குக் கொண்டு சென்றுள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கையறுநிலையின் இயல்பு

முதற்கண் பழம்பாடல்கள் எவ்வாறு இரங்குகின்றன என்பதை உணர்தல் வேண்டும். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டில் (புறம். 235) அவன் வென்ற போர்களின் தொகை இல்லை. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்கே தருவான், மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட உடனிருந்து தானும் மகிழ்ந்து உண்பான் என்ற எளிய செய்தியே முதலில் வருகின்றது. அவன் மார்பைத் துளைத்த வேல், பாணருடைய உண்கலத்தையும் இரப்போர் கையையும் ஊடுருவிப் புலவர் நாவிற் சென்று தைத்தது என்று அப்பாட்டு மேலும் செல்லும். இறப்பு ஒருவனுடையது, புண் பலருடையது என்பது இதனாற் பெறப்படும்.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைவுக்கு இரங்கிய குடவாயிற் கீரத்தனார் (புறம். 242) முல்லைப் பூவொன்றை நோக்கிப் பேசுகின்றார். சூடுவோர் எவரும் இல்லாத நாட்டில் நீயும் பூத்தனையோ என்பதே அவர் வினா. பாரி மகளிரோ (புறம். 112) நிலவைக் கொண்டனர். சென்ற திங்களில் இதே நிலவு காய்ந்தபோது தந்தையும் இருந்தான், குன்றும் தமதாயிருந்தது. இன்று நிலவு மட்டுமே உளது என்பது அவர்தம் கையறவு.

இம்மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஒரு பொதுவியல்பு புலனாகும். இறந்தானுடைய பெருமையைத் தொகுத்துக் கூறுதல் கையறுநிலையின் தலையாய நோக்கம் அன்று. மாறாத ஒரு பொருளைக் காட்டி, அதனெதிரே மாறிப்போன உலகைக் காட்டுதலே அதன் நெறி. கள்ளும் முல்லையும் நிலவும் மாறவில்லை. அவற்றை நோக்கும் கண்ணே மாறியது.

ஒரு பாடலும் ஐந்து மறைவும்

இனித் திரையிசைக்கு வருவோம். 1969இல் வெளிவந்த ‘அடிமைப் பெண்’ என்னும் படத்தில் எஸ். பி. பாலசுப்பிரமணியமும் பி. சுசீலாவும் இணைந்து பாடிய பாடல் ஒன்று உண்டு. இசை கே. வி. மகாதேவனுடையது. சொல் புலவர் புலமைப்பித்தனுடையது. திரையில் தோன்றியோர் எம். ஜி. ஆரும் செயலலிதாவும் ஆவர். இவ்வறுவருள் ஐவர் மறைவைத் தமிழகம் கண்டது. எம். ஜி. ஆர். 1987இலும், மகாதேவன் 2001இலும், செயலலிதா 2016இலும், பாலசுப்பிரமணியம் 2020இலும், புலமைப்பித்தன் 2021இலும் மறைந்தனர். ஒரே பாடல் ஐந்து இரங்கலுக்கு உரியதாயிற்று.

மக்கள் வழக்கில் இப்பாடல் முதலில் ‘எம். ஜி. ஆர். பாட்டு’. திரையில் வாயசைத்தவருக்கே பாடலை உரிமையாக்குவது நம்மவர் இயல்பு. இசையமைத்தவர் மறையும்போது அது அவருடைய பாட்டாகின்றது; பாடியவர் மறைந்தபோது, அக்குரல் இளமையின் குரல் எனக் கேட்கப்பட்டது. சொல்லமைத்த புலவர் மறைந்த பின்னரே அதன் ஆசிரியர் இவர் என அறிந்தோரும் உளர். பலர் கூடிச் செய்த கலைப்பொருளில் யார் யார் பங்கு எது என்பதைத் திறனாய்வாளர் பகுத்துக் காட்டுதல் வேண்டும். அப்பணியை இங்கே ஒவ்வொரு மறைவும் செய்கின்றது. ஒருவர் நீங்கும்போதுதான் அவர் பங்கு கேட்போர் செவிக்குத் தனியே புலப்படுகின்றது. சுவைஞர் இரங்கலை ஊன்றிக் கற்பாருக்குக் கிடைக்கும் முதற் பயன் இது.

கொடைச் செய்தி

பாலசுப்பிரமணியம் 25-9-2020 அன்று தம் 74ஆம் அகவையில் சென்னையில் மறைந்தார். அந்நாட்களில் எழுந்த இரங்கல்களில் திரும்பத் திரும்ப வந்த செய்தி ஒன்று மேற்கூறிய பாடலைப் பற்றியது. ஒலிப்பதிவுக்கு முன் இளம்பாடகர் நச்சுக்காய்ச்சலில் வீழ்ந்தார். வேறொருவரைப் பாடவைக்காமல் அவர் நலம் பெறும்வரை எம். ஜி. ஆர். காத்திருந்தார். தமக்குப் பாடப் போவதை இவ்விளைஞர் நண்பரிடமெல்லாம் சொல்லியிருப்பார், வாய்ப்பு நழுவின் மனம் புண்படும் என்று கருதியே காத்திருந்ததாக அவர் கூறினார் என்பர். இதனைப் பாலசுப்பிரமணியமே மேடைகள் பலவற்றிற் கூறியுள்ளார்.

மறைந்தவரைப் பாட வந்த சுவைஞர், அவருக்கு உதவியவரைப் பாடுவது முரண் போலத் தோன்றும். அது முரணன்று. வள்ளலும் பாணனும் என்ற பழைய உறவுமுறை மக்கள் உள்ளத்தில் அழியாது நிற்பதையே இது காட்டுகின்றது. காத்திருத்தலும் ஒரு கொடையே. அக்கொடையைத் தம் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த நன்றியே பாடகருடைய பண்பாகப் போற்றப்பட்டது. ஆகவே சுவைஞர் தேர்ந்துகொண்டது குரலின் சிறப்பை மட்டுமன்று. கொடுத்தவனும் பெற்றவனும் ஒருங்கே உயர்ந்து நின்ற ஒரு காட்சியை ஆகும். ஔவையார் கள்ளைப் பகிர்ந்த செய்தியைத் தேர்ந்ததும் இக்கருத்தாலேயே என்க.

எஞ்சி நிற்கும் குரல்

ஈண்டுப் பெரியதொரு வேறுபாடு உண்டு. அதியமான் இறந்தவுடன் அவன் ஈகையும் நின்றது. பாடகர் மறைந்தாலோ பாட்டு நிற்பதில்லை. முந்திய நாள் கேட்ட அதே குரல் மறுநாளும் தேநீர்க் கடையில் ஒலிக்கின்றது. அவ்வாறாயின் சுவைஞர் இழந்தது யாது? இவ்வினாவுக்கு விடை கூறாத இரங்கல் ஆராய்ச்சிக்கு உரியதன்று.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் மாலை 6 மணிக்கு, நோயுற்றிருந்த பாலசுப்பிரமணியத்தின் பாடல்களை அவரவர் இருந்த இடத்திலேயே ஒலிக்கச் செய்து வேண்டுதல் நடத்துமாறு இயக்குநர் பாரதிராசா அழைத்தார். கொரோனாத் தொற்றினால் மக்கள் கூடுதல் இயலாத காலம் அது. அன்று இல்லங்களில் ஒலித்தது பழைய குரல். அக்குரலுக்கு உரியவரோ பேசவியலாது மருத்துவமனையிற் கிடந்தார். ஒரு பாடல் கேட்போர்க்கு இன்பமாகவும் அச்சமாகவும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பது அந்த மாலையில் வெளிப்பட்டது. செப்டம்பர் 25க்குப் பின் அதே பாடல் மூன்றாவதொரு பொருளையும் பெற்றது.

பாரி மகளிரின் நிலவு போன்றதே இப்பாடல். பாடல் மாறவில்லை, அதனைக் கேட்கும் உலகு மாறியது. பாலசுப்பிரமணியத்தைப் ‘பாடும் நிலா’ என அழைத்த சுவைஞர், இப்பழம்பாட்டை எண்ணி அவ்வாறு அழைத்தாரல்லர். எனினும் அப்பெயர் எத்துணைப் பொருந்திற்று என்பதை இறப்பே காட்டியது.

இடைச்சொல்லாகிய ‘மன்’ கழிவு, ஆக்கம், ஒழியிசை என்னும் மூன்று பொருளில் வரும் என்பது இலக்கணம். அதியமானைப் பாடிய பாட்டில் கழிவுப் பொருளில் அது அடுக்கி வருகின்றது; இறுதிப் பகுதியில் ‘இனி’ என்னும் சொல் நிற்கின்றது. முன்னது நேற்றை மூடுகின்றது. பின்னது நாளையை மூடுகின்றது. திரையிசைச் சுவைஞருக்கு நேற்று மூடப்படுவதில்லை. ஒலிப்பதிவு அதனைக் காத்துள்ளது. அவர் இழந்தது ‘இனி’ ஒன்றையே. இனிப் புதிய பாடல் இல்லை என்பது ஓர் இழப்பு. தம் இளமையோடு உடன் வளர்ந்த ஒருவர் இனி உடன் மூப்படைய மாட்டார் என்பது அதனினும் பெரிய இழப்பு. ‘மன்’ நீங்கி ‘இனி’ மட்டும் நிற்கும் கையறுநிலை இது. இதுவே இத்துறைக்கு இக்காலம் சேர்த்த புதுமை.

குற்றங்கள்

இவ்வளவும் சிறந்த இரங்கல்களுக்கே பொருந்தும். எஞ்சியவற்றில் மூன்று குற்றங்கள் மலிந்துள்ளன. முதலாவது எண்ணிக்கை. 40,000 பாடல்கள், 16 மொழிகள், 6 தேசிய விருதுகள் என அடுக்குதல் பாலசுப்பிரமணியத்தைக் குறித்த எழுத்தில் வாய்பாடாகவே ஆயிற்று. விருதுகள் உண்மையே, எனினும் ஒருவரும் நாற்பதினாயிரம் பாடல்களுக்காக அழுவதில்லை, ஒரு பாடலுக்காகவே அழுகின்றனர். வாணி செயராம் 4-2-2023 அன்று மறைந்தபோது, சில நாள்களுக்கு முன் அறிவிக்கப்பட்ட பத்மபூசண் விருதைப் பெறுமுன்னரே போய்விட்டாரே என்று மக்கள் இரங்கினர். அங்கு விருது எண்ணிக்கையாக நில்லாமல், ஏற்கப்படாத பரிசிலாக நின்றது. அதனால் அவ்விரங்கல் நெஞ்சைத் தொட்டது.

இரண்டாவது ஒப்புமைப் பூசல். ஒருவரைப் போற்ற மற்றொருவரைத் தாழ்த்துதல் இரங்கலுக்கு இழுக்கு. மூன்றாவது ‘ஈடு செய்ய இயலாத இழப்பு’ என்பது போன்ற, எவர்க்கும் பொருந்தும் தொடர். எல்லார்க்கும் பொருந்தும் சொல் ஒருவர்க்கும் பொருந்துவதில்லை.

நடுதல்

சொல்லாற் செய்யும் இரங்கலோடு செயலாற் செய்வதும் உண்டு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல்நாட்டும் முறையைத் தொல்காப்பியர் ஆறாக வகுத்தார். நடிகர் விவேக் 17-4-2021 அன்று மறைந்தபோது அவருடைய சுவைஞர் பலர் மரக்கன்று நட்டனர். ஒரு கோடி மரக்கன்று நடுதலை அவர் தம் குறிக்கோளாகக் கொண்டிருந்தமையே காரணம். கல்லுக்கு மாற்றாகக் கன்று வந்தது. நடுதல் என்னும் தொழில் மாறவில்லை. மறவனுடைய கல் அவன் செய்து முடித்ததைக் கூறும். இக்கன்றோ அவர் முடிக்காமல் விட்டதைத் தொடரும். இறந்தாரை நினைத்தல் அவர் பணியை ஏற்றலாக மாறிய இடம் இது.

உறவின் எல்லை

காணாமலே கொண்ட அன்புக்குப் பிசிராந்தையாரை எடுத்துக்காட்டாகக் கூறுவார் உளர். அவரும் கோப்பெருஞ்சோழனை முன்னர்க் கண்டறியாதவரே. ஆயினும் சோழன் அவர் வருவார் என நம்பி இடம் ஒதுக்கச் சொன்னான். அன்பு இருபுறமும் நின்றது. சுவைஞருடைய அன்போ ஒருபுறத்தது. கலைஞர் அவர் பெயரையும் அறியார். இவ்வேறுபாட்டை மறந்ததால் நேர்ந்த தீங்குகளும் உண்டு. 1987இல் எம். ஜி. ஆர். மறைந்தபோது தம்முயிரையும் போக்கிக்கொண்டோர் இருந்தனர். கையறுநிலைப் பாடலோ எஞ்சியோர் வாழ்வதற்காகப் பாடப்படுவது. செயலற்ற நிலையிலும் மொழி ஒன்று எஞ்சியுள்ளது என உணர்த்தி, இருப்பவரை இருக்கச் செய்வதே அதன் பயன். ஆகவே நல்லதோர் இரங்கற் கடிதம், எழுதியவர்க்கே பேருதவியாகும்.

முடிவுரை

ஔவையாரின் கையறவு நமக்குக் கிடைத்தது, ஒருவர் தொகுத்ததாலும், மற்றொருவர் துறை வகுத்ததாலும், 1894இல் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்ததாலும் ஆகும். சுவைஞர் இரங்கலுக்கு இம்மூவரும் இல்லை. சுவரொட்டி மழையிற் கரைகின்றது. கூட்டத்து உரை கேட்டவரோடு போகின்றது. வாசகர் கடிதம் பழைய தாளோடு எடைக்குச் செல்கின்றது. ஓர் ஊரில், ஒரு கலைஞர் மறைந்த ஒரு திங்களுக்குள் எழுதப்பெற்றவற்றை மட்டுமேனும் ஒரு மாணவர் தொகுத்து, நாள் குறித்து, நல்லனவும் அல்லனவும் பிரித்துத் துறை வகுப்பாராயின், அது முனைவர்ப் பட்டத்துக்குத் தக்க பொருளாகும். தமிழ் மக்கள் இக்காலத்தில் எவ்வாறு இரங்கினர் என்று பின்வருவோர் கேட்கும்போது, காட்டுதற்கு நம் கையில் ஏதேனும் இருத்தல் வேண்டும்.