தீர்ப்புக்கு ஒரு கதவு எண்

பேரையூரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு கத்தைக் காகிதத்தை என் முன்னால் விரித்தார். கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதை பற்றிய வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் கொடுத்த எழுத்துபூர்வமான வாதத்தின் நகல். அதில் ஒரு வரியைப் பென்சிலால் சுழித்திருந்தார். ஒரு வருஷம், அடைப்புக்குறிக்குள் ஒரு நம்பர், 'எம்.எல்.ஜே.', அப்புறம் இன்னொரு நம்பர்.

"இது என்ன சார், லாட்டரிச் சீட்டா?" என்றார்.

இல்லை, விலாசம். எம்.எல்.ஜே. என்பது மெட்ராஸ் லா ஜர்னல். 1891-ல் ஆரம்பித்த சட்டப் பத்திரிகை. இன்ன வருஷம், இன்ன வால்யூம், இன்ன பக்கத்தில் உங்களுக்கு எதிரான தீர்ப்பு ஒன்று இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அவரும் விடவில்லை. டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்கு பஸ் ஏறி, தெரிந்த வக்கீல் ஒருவரின் அலமாரியில் அந்த வால்யூமைக் கண்டுபிடித்துப் பிரித்தால், வாடகை வீட்டைக் காலி செய்யும் வழக்கு! கிணறும் இல்லை, பாதையும் இல்லை. பக்க எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அடுத்த வாய்தாவில் 'டைப்பிங் மிஸ்டேக்' என்று திருத்திக் கொடுத்தார்களாம். வாத்தியாருக்கு ஒரு வாய்தாவும் ஒரு நாள் பஸ் சார்ஜும் போயிற்று.

தப்பு செய்தவர் டைப்பிஸ்ட். ஆனால் ஒரே ஒரு இலக்கம் பிசகினால் வழி தவறிப்போகும் இந்த முறையையும் கொஞ்சம் விமர்சிக்க வேண்டும்.

கேசவானந்த பாரதி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 ஏப்ரல் 24-ல் 13 நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு. அதற்கு 'ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461' என்று ஒரு விலாசம். '(1973) 4 எஸ்.சி.சி. 225' என்று இன்னொன்று. ஒரே தீர்ப்பு, வேறு வேறு பதிப்பாளர்கள். ஏ.ஐ.ஆர். வைத்திருப்பவருக்கு இரண்டாவது விலாசத்தால் பயனில்லை. எஸ்.சி.சி. வாங்குகிறவருக்கு முதலாவது உதவாது. ஒன்றும் வாங்க வழியில்லாதவருக்கு இரண்டுமே லாட்டரிச் சீட்டுதான்.

தீர்ப்பு பொதுச்சொத்து. விலாசம் மட்டும் தனியார் புத்தகத்தின் பக்க எண். வேடிக்கையாக இல்லை? 2007 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே ஒரு காப்புரிமை வழக்கில் இந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியது. நீதிபதி எழுதிய தீர்ப்பை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆனால் பதிப்பாளர் உழைத்துப் பத்தி பிரித்து எண் போட்டிருந்தால், அந்த உழைப்புக்கு அவருக்கு உரிமை உண்டு. நியாயம்தான். அப்படியென்றால் பொதுஜனத்துக்கான எண்ணை யார் போடுவது?

கோர்ட்தான் போடவேண்டும். 2023-ல் போட ஆரம்பித்தார்கள். 'நியூட்ரல் சைட்டேஷன்' என்று பெயர். வருஷம், கோர்ட்டின் சுருக்கெழுத்து, வரிசை எண். அவ்வளவுதான். சுப்ரீம் கோர்ட்டுக்கு ஐ.என்.எஸ்.சி., சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எம்.எச்.சி. எந்தப் பத்திரிகைக்கும் சந்தா கட்ட வேண்டாம். தெருவுக்குத் தெரு முனிசிபாலிட்டி கதவு எண் அடித்த மாதிரி.

நல்ல காரியம். ஆனால் நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் கடைசியில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? 'இண்டெக்ஸ்: ஆம்/இல்லை', 'இன்டர்நெட்: ஆம்/இல்லை', 'நியூட்ரல் சைட்டேஷன்: ஆம்/இல்லை'. அந்தக் கடைசி 'இல்லை'தான் எனக்கு உறுத்துகிறது. கதவு எண் என்பது விருப்பப் பாடமா? சின்ன வழக்கு, யாரும் மேற்கோள் காட்டப்போவதில்லை என்று நினைத்திருக்கலாம். பேரையூர் வண்டிப்பாதைக்கு உதவக்கூடிய தீர்ப்பு எங்கே இருக்கும்? அப்படிப்பட்ட சின்ன வழக்கில்தான் இருக்கும்.

எண் மட்டும் போதுமா என்றால், போதாது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த ஆறு தீர்ப்புகளைக் கோர்ட்டில் காட்டி, 5,000 டாலர் அபராதம் வாங்கிக்கொண்டார்கள். நம் பக்கத்திலும் நடந்தது. 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு பெஞ்ச் சொன்ன ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக ஏறிவிட்டன. சில நாட்களில் உத்தரவையே திரும்பப் பெற்றார்கள். அவற்றில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் 1973-ஆம் வருஷத் தீர்ப்பாம்! வால்யூம், பக்கம், புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் சுத்தம். விலாசத்தில் வீடுதான் இல்லை.

ஆகவே என் யோசனை இது. கதவு எண்ணோடு கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், தீர்ப்புத் தேதி, பத்தி எண் நான்கையும் எழுதுங்கள். 2004 ஜூலை முதல் மதுரைக் கிளையின் வழக்கு எண்களில் 'எம்.டி.' என்று இருக்கும். டாக்டர் பட்டம் இல்லை, மதுரை. அதையும் விடாதீர்கள். பின்கோடு தப்பாகிவிட்டாலும் 'பேரையூர், மதுரை மாவட்டம்' என்று எழுதியிருந்தால் தபால்காரர் கொண்டு வந்து சேர்த்துவிடுவார் அல்லவா? அதே தத்துவம். ஒன்று பிசகினால் மற்றது காப்பாற்றும்.

பத்தி எண்ணை வலியுறுத்தக் காரணம் உண்டு. தீர்ப்புக்கு மேலே தடித்த எழுத்தில் வரும் தலைக்குறிப்பு பெரும்பாலும் பதிப்பாசிரியர் எழுதியது. அதைப் படித்துவிட்டு 'நீதிபதி சொல்கிறார்' என்று மேற்கோள் காட்டுவது, போஸ்டரைப் பார்த்துவிட்டு சினிமா விமர்சனம் எழுதுவது மாதிரி.

வாத்தியாருக்குத் திருத்திய விலாசம் கிடைத்து, உண்மையான தீர்ப்பைப் படித்தும் விட்டார். அவருக்குப் பாதகமான வரி ஒன்று இருந்தது உண்மை. இரண்டு பத்தி தள்ளி அவருக்குச் சாதகமாகவும் ஒன்று இருந்தது. எதிர்த்தரப்பு அதைக் காட்டவில்லை. காட்ட மாட்டார்கள்.

இப்போது அந்தப் பத்தியைப் பென்சிலால் சுழித்துவைத்திருக்கிறார்.