அதட்டலாய் வந்த மொழி

ஜப்பானியச் சொற்களின் நுட்பம் என்று எழுத உட்காருகிறவர்கள் தேநீர்ச் சடங்கிலோ ஹைக்கூவிலோ தொடங்குவது வழக்கம். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு அந்த வாசல் பொருந்தாது. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் நம் தோட்டத்து மக்கள் காதில் விழுந்த ஜப்பானியம் பெரும்பாலும் ஏவலும் வசையும்தான்.

‘கோரா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ஏய்’, ‘டேய்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மீனைத் தூக்கிக்கொண்டு ஓடும் பூனையையும் ஜப்பானில் அப்படித்தான் விரட்டுவார்கள். சாவடியில் துப்பாக்கியோடு நிற்பவன் சொன்னபோது அதற்கு அடுத்து வந்தது அறை. ‘பாக்காயாரோ’வும் அப்படியே. ‘பாக்கா’ என்றால் மூடன், ‘யாரோ’ என்றால் பயல். குடித்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் சிரித்தபடியே சொல்லிக்கொள்ளும் சொல் அது. அதையே 1953இல் ஜப்பானியப் பிரதமர் யோஷிதா ஷிகேரு, நாடாளுமன்றக் குழுவில் கேள்வி கேட்ட எதிர்க்கட்சி உறுப்பினரைப் பார்த்து முணுமுணுத்துவிட்டார். அமளியில் கீழவையே கலைக்கப்பட்டது. அந்தக் கலைப்புக்கு இன்றும் ‘பாக்காயாரோ கலைப்பு’ என்றுதான் பெயர். சமமானவனிடம் சொன்னதற்கு ஓர் அவை கலைந்தது. மலாயாவில் அதே வசையை வாங்கியவர்கள் யாரிடம் போய் முறையிடுவது?

‘கெய்ரெய்’ என்பதற்கு மரியாதை வணக்கம் என்று பொருள். காவல் சாவடியைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கிக் குனிய வேண்டும். கிள்ளானில் இது எப்படி உறைத்திருக்கும் என்பதை அறிய, அதற்குச் சில மாதங்கள் முன்னே போக வேண்டும். 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பிரிட்டிஷ் அரசின் படை வந்து வேலைநிறுத்தத்தை அடக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் துரைமார்கள் ஓடத் தொடங்கினார்கள். சைக்கிளிலிருந்து இறங்குவது மட்டும் புதுப் பெயரோடு திரும்பி வந்தது.

‘ரோமுஷா’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் உடலுழைப்பாளி. கூலி, பிடித்துச் செல்லப்பட்டவன், செத்தவன் மூவரும் அந்தச் சாதுவான சொல்லுக்குள் அடங்கினார்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் தமிழர். பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. நம் மக்கள் ‘ரோமுஷா’ என்று சொல்லவில்லை. ‘சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க’ என்றார்கள். வரலாற்றாசிரியர்களின் சொல்லைவிட இது நேர்மையானது.

இந்தக் காலத்தைத் தமிழில் எழுதியவற்றுள் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டும் இங்கு அடிப்படை நூல்கள். ஆனால் பல மொழிகள் ஒரே தெருவில் மோதும் ஓசைக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைத்தான் நாட வேண்டும். அவர் மெடானில் காதைத் தீட்டிக்கொண்டவர்.

எல்லாருக்கும் வசை மொழியே வாய்த்தது என்று சொல்லிவிட முடியாது. இந்திய தேசிய ராணுவத் தலைவர்களோடு ஜப்பானியர் வைத்திருந்த தொடர்பு அமைப்பின் பெயர் ‘ஹிகாரி கிகான்’. ‘ஹிகாரி’ என்றால் ஒளி. உளவு வேலையும் பார்த்த அமைப்புக்கு எவ்வளவு அழகான பெயர்!

படையெடுப்பு முதல் வாசல் என்றால், இரண்டாவது வாசல் தொழிற்சாலை. 1982இல் அன்றைய பிரதமர் மகாதீர், ஜப்பானை முன்மாதிரியாகக் கொள்ளும் ‘கிழக்கு நோக்கும் கொள்கை’யை அறிவிப்பதற்கு முன்பே, 1965இல், மட்சுஷிதா நிறுவனம் இந்த நாட்டில் கால் ஊன்றிவிட்டது. கொள்கைக்குப் பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில், ஜப்பானுக்குப் படிக்கப் போகும் மாணவர்களுக்கான தயாரிப்பு மையம் எழுந்தது. மிட்சுபிஷியோடு கைகோத்து புரோட்டான் கார் வந்தது. ஷா ஆலாம் ஆலைகளுக்குக் கிள்ளானிலிருந்து கம்பெனி பஸ் ஏறியவர்கள் ‘கைசென்’ என்றும், எஸ்ஸில் தொடங்கும் ஐந்து சொற்களாலான பணியிட ஒழுங்கு முறையை ‘ஐந்து எஸ்’ என்றும் பேசக் கற்றார்கள்.

இங்கே நேர்ந்தது முன்னதற்குத் தலைகீழ்: அங்கே சாதாரணச் சொல் கடுமையாயிற்று, இங்கே உயர்ந்தது. ‘கைசென்’ ஜப்பானில் வெறும் ‘மேம்பாடு’. உணவுப் பழக்கத்தைச் சீர்செய்வதற்கும் அதே சொல்தான். மசாகி இமாய் 1986இல் அந்தத் தலைப்பில் ஆங்கில நூல் எழுதிய பின் அது உலகெங்கும் மந்திரமாகிவிட்டது. ஐந்து எஸ்ஸில் கடைசியான ‘ஷித்சுகே’ இதைவிடச் சுவையானது. பிள்ளைக்கு நல்ல பழக்கம் பழக்குவதைக் குறிக்கும் சொல் அது. துணியைத் தைக்கும்முன் வடிவம் நிற்பதற்காகப் போட்டுப் பின்னால் உருவிவிடும் ஓட்டுத் தையலுக்கும் அதே சொல். மலாயில் அதை ‘செந்தியாசா அமால்’, எப்போதும் கடைப்பிடி, என்று ஆக்கினார்கள். எஸ் எழுத்து தப்பியது. பழக்குகிற தாய் காணாமல் போனாள். வளர்ந்த தொழிலாளியைப் பார்த்துச் சொல்லும்போது அந்தத் தாய் இல்லாமல் இருப்பதே நல்லது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

நாசூக்கான ஜப்பானியத்தைக் கேட்கும் வாய்ப்பு பேச்சுவார்த்தை மேசை வரை போனவர்களுக்கே கிடைத்தது. ‘ஹாய்’ என்றால் பல நேரம் ‘சொல்லுங்கள், கேட்கிறேன்’ என்றுதான் பொருள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விலை குறித்தவர்கள் பின்னால் விழித்தார்கள். ‘கெந்தோ ஷிமாஸ்’, பரிசீலிக்கிறோம், என்றால் பெரும்பாலும் முடியாது என்று அர்த்தம். சம்பந்தம் பேசப் போன வீட்டில் ‘கலந்துக்கிட்டுச் சொல்றோம்’ என்று கேட்டுப் பழகியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு ஜப்பானியம் அனிமே வழியாக வருகிறது. அதிலும் சண்டைக் காட்சிகளே முதலில் மனப்பாடம் ஆகின்றன. ‘கிசாமா’ என்று விளையாட்டாகக் கத்துகிறார்கள். ஒரு காலத்தில் உயர்ந்தோரைக் குறித்த மரியாதைச் சொல் அது. தேய்ந்து தேய்ந்து, ராணுவத்தில் மேலதிகாரி சிப்பாயை விளிக்கும் ‘நீ’ ஆகி, பிறகு வெறும் வசையாகிவிட்டது. ஜப்பானிய வகுப்பில் முதல் பாடம் ‘தெஸ்’, ‘மாஸ்’ என முடியும் பணிவு வாக்கியங்கள். அனிமே பார்த்துவிட்டு வருகிற பிள்ளை அங்கே புதிதாகக் கற்பதைவிட, ஏற்கெனவே கற்றதை அடக்கி வைக்கத்தான் முதலில் பாடுபட வேண்டியிருக்கிறது.