கடைசி அடியைப் பாருங்கள்

கடல் நீச்சல் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் துதிக்கையிலேயே கண்ணை வைத்திருக்கிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஆமாம், துதிக்கைதான். நான் சொல்லும் ஆட்டக்காரருக்கு நாலு கால், இரண்டு தந்தம். பெயர் வேண்டாம். ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரைக்கு அந்த நாளில் போய் வந்தவர்களுக்கும், 2006-இல் வந்த தர்செமின் 'தி ஃபால்' படத்தைப் பார்த்தவர்களுக்கும் ஆள் யாரென்று தெரியும். படத்தில் யானை நீந்தும் அந்தக் காட்சி கிராபிக்ஸ்தான் என்று என் சிநேகிதர் ஒருவர் இன்றுவரை சாதிக்கிறார். அவரோடு இப்போது கிரிக்கெட் மட்டும்தான் பேசுகிறேன்.

'எவ்வளவு ஆனந்தமாக நீந்துகிறது பாருங்கள்' என்பதுதான் ஊர்ப் பேச்சு. ஆனந்தமாவது ஒன்றாவது! அவர் அந்தமானுக்கு உல்லாசப் பயணம் வரவில்லை. 1970-களில் மெயின்லேண்டிலிருந்து மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்டவர். ஒரு தீவில் வேலை முடிந்தால் அடுத்த தீவு, நடுவில் கடல். கழுத்தில் பாகனை வைத்துக்கொண்டு இறங்கு என்றார்கள், இறங்கினார். நாம் பஸ் பிடித்து வேலைக்குப் போவதுபோல அவர் நீந்திப் போனார்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு பழைய வீடியோவை மறுபடி போடுங்கள். துதிக்கையை விட்டுவிட்டு முன்னங்காலைப் பாருங்கள். தண்ணீர் வயிற்றைத் தொடுகிறது, நடக்கிறார். தோளுக்கு ஏறுகிறது, இன்னும் நடக்கிறார். முதுகு முழுகி, நெற்றி மேடும் துதிக்கை நுனியும்தான் வெளியே. அப்போதும் பாதம் மணலை அழுத்துகிறது. பின்னால் வெள்ளையாகப் புழுதிபோல் மணல் எழுகிறது. தரை கைவிட்ட பிறகுதான் காலைத் தூக்குகிறார். சோம்பேறி நடை என்பார்கள். நான் பார்த்தவரையில் ஆட்டமே அந்தக் கடைசி அடியில்தான் இருக்கிறது. எதிர்க்கரையில் மரம் காத்திருக்கிறது என்று தெரிந்த உடம்பு, தேவைக்கு முன்னால் ஒரு வீச்சைக்கூடச் செலவழிக்காது.

மூச்சிலும் அதே கணக்கு. துதிக்கையைக் கம்பம்போல் நட்டுவைத்துக்கொண்டு போவதில்லை. முக்குவார், சில வீச்சு போவார், பிறகு நுனியை மட்டும் மேலே விட்டு ஒரு இழுப்பு. நமக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடம் இணைப்புத் திசுவால் அடைந்திருக்கிறது. உடம்பு ஆழத்தில் இருக்க, மேலே இருக்கும் காற்றை இழுக்கும்போது ரத்தக் குழாய்கள் கிழியாமல் காப்பது அதுதான் என்று உடலியல் அறிஞர் ஜான் வெஸ்ட் விளக்கினார். சரி, பிறவி வசதிதான். ஆனால் 2017 ஜூலையில் கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, இலங்கைக் கடற்படை கயிறு கட்டி இழுத்து வந்த யானைக்கும் இதே நுரையீரல்தானே? நீரோட்டம் இழுத்துப்போயிருக்க வேண்டும் என்றார்கள். எங்கே இறங்குவது, எப்போது தரையை விடுவது என்பதை நுரையீரல் சொல்லித் தராது.

நம் கோயில் சுவர்களில் தண்ணீரில் நிற்கும் யானை என்றாலே முதலை காலைக் கவ்வ, ஆதிமூலமே என்று கூப்பிடும் யானைதான். அந்தப் பழக்கத்தில் இவரைப் பரிதாபமாகப் பார்க்கிறவர்களும் உண்டு. இவர் யாரையும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

2002 மே மாதம் உச்ச நீதிமன்ற உத்தரவு அந்தமானில் மரவெட்டுக்குக் கடிவாளம் போட்டது. யானைகளுக்கு வேலை போயிற்று. இவருக்கு சினிமா கிடைத்தது. பிறகு சுற்றுலாக்காரர்கள், கேமராக்கள். எல்லாம் கண்காட்சி ஆட்டம்தான். அதிலும் கடைசி அடி மாறவில்லை.

அடுத்து என்ன? கேமராவுக்காக யானையைக் கடலில் இறக்கும் காலம் முடிந்தது என்றே நினைக்கிறேன், முடியட்டும். பத்து வருடத்துக்குள் ஏதோ ஒரு பெரிய படத்தில் கம்ப்யூட்டர் யானை நீந்தும். வயிறளவுத் தண்ணீரிலேயே காலைத் தூக்கிவிடும், பந்தயம் கட்டுகிறேன். நிஜ ஆட்டம் இனி அந்தமானின் இன்டர்வியூ தீவில்தான். 1962-இல் மரக் கம்பெனி நொடித்துப்போய் விட்டுச்சென்ற நாற்பது யானைகளின் வழிவந்தவை அங்கே காட்டில் திரிகின்றன. பாகன் கிடையாது, டிக்கெட் கிடையாது. அடுத்த சாம்பியன் அங்கிருந்துதான் வருவார், நம் கண்ணில் படவும் மாட்டார்.

நம்மவர் கடைசிக் காலத்தில் நீச்சலை விட்டுவிட்டு ஹேவ்லாக் காட்டில் நடந்துகொண்டிருந்தார். 2016 ஆகஸ்டில் போய்விட்டார். வயது 66.