ஒரு கிராம் பாசியும் ஒரு முட்டையும்

போடி, சிலமலைப் பக்கம் விடியுமுன்பே தூக்குவாளியோடு ஜீப் ஏறும் பெண்கள், போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டக் கூலிக்குப் போகிறார்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. சோர்ந்துபோன இந்த உடம்புகளுக்கு இப்போது பரிந்துரைக்கப்படும் பண்டம் சுருள்பாசி எனும் ஸ்பைருலினா. 'அறுபது சதவீதம் புரதம்' என்று டப்பா சொல்கிறது. அது பொய்யல்ல, ஆனால் முழுக் கணக்கும் அல்ல.

முதலில் அதன் பெருமை. சென்னை முருகப்ப செட்டியார் ஆய்வு மையத்தில் சி.வி. சேஷாத்ரி இதைக் கிராமத்துக் கைத்தொழிலாக்க முயன்றார். ஆப்பசோடா கலந்த காரத் தண்ணீர், வெயில், அவ்வப்போது ஒரு கலக்கல்; இவையே அடிப்படைத் தேவை. வடிதுணியில் தங்கும் பச்சை விழுதை இடியாப்பம்போலப் பிழிந்து காயவைத்தால் முடிந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை வட்டாரத்தில் சுமார் 5,000 சிறுபிள்ளைகளுக்குத் தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் வெள்ளை விழியில் படியும் நுரைப்புள்ளி, 80 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததாக அத்திட்டம் பதிவு செய்தது. பாசியிலிருந்து உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் சிறு அளவிலேயே வேலை செய்யும் சத்து என்பதால் அந்த ஒரு கிராம் பலித்தது.

புரதத்துக்கும் இரும்புக்கும் அந்தச் சலுகை இல்லை. ஒரு கிராம் பாசியில் புரதம் அரைக் கிராமுக்குச் சற்று மேல். ஒரு முட்டையிலோ 6 கிராம். முட்டைக்கு ஈடாகப் பத்து கிராம் பொடியை அந்தப் பாசிவாடையோடு விழுங்க வேண்டும். ஒரு கிராம் பாசியில் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம், பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 29. சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையில் இருப்பது 60.

மருந்தென்ற பேச்சிலும் பதர் உண்டு. இதிலுள்ள பி12-இல் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். சைவர்கள் இதை நம்பி இருந்துவிடக் கூடாது. கொழுப்பைச் சற்றுக் குறைப்பதாகச் சொல்லும் மனித ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தொட்டியில் வேறு நீலப்பச்சைப் பாசி கலந்தால் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு சேரலாம். தண்ணீரிலுள்ள கன உலோகத்தையும் பாசி உறிஞ்சிக்கொள்ளும். பரிசோதனை இல்லாத குடிசைத்தொழில் இங்கேதான் சறுக்குகிறது.

30 முதல் 35 டிகிரி வெப்பம் இதற்கு உகந்தது. ஆகவே மலையடிவாரச் சிலமலையில் வளரும். மேலே ஏலக்காட்டுக் குளிரில் சுணங்கும். அங்கன்வாடிப் பிள்ளைகளின் கண்ணுக்காக, சோதனைக்கூடச் சான்றோடு ஒரு தொட்டி அமைந்தால் வரவேற்கலாம். முட்டைக்கும் முருங்கைக்கீரைக்கும் மாற்றாக அதை நிறுத்துவது தவறு.

வாங்குகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'நூறு கிராமில்' என்ற பட்டியலை விட்டுவிட்டு, ஒரு மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் படியுங்கள்.