கபிலரும் பாரி மகளிரும்: உறவுச் சொல் ஒன்றன் ஆராய்ச்சி

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கு அணித்தாக உள்ள கொடும்பாளூரில், இருக்குவேள் மரபினனான பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயில் உளது. மூன்று விமானங்களுள் இரண்டே இன்று எஞ்சி நிற்கின்றன. அவன்றன் முன்னோரை வழிமுறையாக அடுக்கி உரைக்கும் வடமொழிக் கல்வெட்டொன்று ஆண்டுக் காணப்படும். குடிவழியைக் கல்லிற் பொறித்துப் போற்றிய இம்மரபினர், புறநானூறு குறிக்கும் இருங்கோவேளின் வழியினர் என்பது அறிஞர் பலர் கொள்கை. அவ்விருங்கோவேள்முன் கபிலர் நின்று, குருதியாற் பெறாத உறவொன்றைத் தமக்குரியதாகக் கூறிய செய்தியே ஈண்டு ஆராயப்படுவது.

பாரி துஞ்சிய பின்னர் அவன் மகளிரை மணஞ்செய்து கொடுக்க வேண்டிக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்றார். இதனை 200, 201, 202 ஆம் பாட்டுக்கள் உணர்த்தும். (அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் அத்தொகையுள் யாண்டும் இல்லை, அவை பிற்கால வழக்கே.) இம்மூன்றும் ஒரே வேண்டுகோளின் பாட்டுக்கள் எனக் கொண்டு, பாரியின் கொடைச் சிறப்பை மட்டும் எடுத்துக் காட்டிச் செல்வார் பலர். மூன்றினும் கபிலர் தம்மை யாரென அறிவித்துக் கொள்ளும் முறை வேறுபடுதலை அவர் நோக்கிற்றிலர்.

விச்சிக்கோன்முன் கபிலர் தம்மைப் பரிசிலனாகிய அந்தணன் என்றே கூறுகின்றார். அம்மகளிர் ஆண்டுப் பாரியின் மகளிர்; கபிலர்க்கு அவரோடு உள்ள தொடர்பு யாதென்பது சொல்லப்படவில்லை. இருங்கோவேள்முன்னரோ நிலை வேறு. அவர் பாரியின் மகளிர் என முதற்கண் கூறி, தாம் அவர்தம் தந்தைக்குத் தோழர் எனவும், அவர் தம் மகளிர் எனவும் அடுத்தடுத்து மொழிகின்றார். இவ்விரு கூற்றுக்கும் இடையே 'ஆதலின்' என்றாற்போலும் காரணச் சொல் இல்லாமை நோக்கற்பாலது. தோழமை தந்தைமையாதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று கபிலர் கருதிற்றிலர். மேலும், 'மகளிர்' என்பது பெண்டிர் என்னும் பொதுப்பொருளும் தரும் சொல். 'என்' என்னும் கிழமைச்சொல் முன்னின்று அதனை உறவுச் சொல்லாக்குகின்றது.

இதனை அடுத்து வருவதே வியத்தற்குரியது. வேளிர் குடியின் தோற்றத்தையும் துவரையை ஆண்ட முன்னோரையும் கூறி, நாற்பத்தொன்பது தலைமுறை வழிவந்தவன் என இருங்கோவேளைக் கபிலர் விளிக்கின்றார். ஒருபுறம் 49 தலைமுறைக் குருதி. மறுபுறம் இறந்த நண்பன்பொருட்டு ஏற்ற தந்தைமை. குடிவழி பேணும் ஒருவனிடம் இவ்வாறு கூறுதல் துணிவே.

மணத்தில் மகளைக் கொடுத்தற்கு உரியார் கொடுத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியக் கற்பியல் நெறி. அவ்வுரிமை வேண்டியே கபிலர் இவ்வாறு கூறினார், ஈது அவைக்கேற்ற சொல்வன்மையே எனின், விச்சிக்கோனிடமும் தாம் கொடுப்பதாகவே கூறியவர் ஆண்டு இவ்வுறவை ஏன் கூறிற்றிலர்? அந்தணன், புலவன் என்னும் தகுதிகளே கொடுத்தற்குப் போதுமெனின், இருங்கோவேள்முன் இக்கூற்று மிகையாம். எனவே உரிமை நாட்டும் நோக்கம் ஒன்றே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது என்பது எம் கருத்து.

இருங்கோவேள் மறுத்த பின்னர்ப் பாடிய 202 ஆம் பாட்டு இதற்குத் துணை செய்யும். கழாத்தலையாரை இகழ்ந்தமையால் அரையம் அழிந்த வரலாற்றை அவனுக்கு நினைவூட்டும் கபிலர், அம்மகளிரைப் பாரியின் மகளிர் என்றே மீளவும் சுட்டுகின்றார். 'என்' என்னும் சொல் இப்பாட்டில் அவரைச் சாராது, கபிலர்தம் புன்சொல்லைச் சார்கின்றது. மறுக்கப்பட்டது தம் சொல்லேயாக, மகளிர்க்குப் பாரியின் பெயரே நிற்க என அவர் எண்ணினார் போலும். மானத்தாற் கைவிட்டார் எனக் கொள்ளுதற்கும் இடமுண்டு. அங்ஙனம் கொள்ளின் அப்பாட்டின் வெம்மை குறையும்.

முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு, கபிலர் பாரியின் பெண்ணை மலையர்க்கு அளித்துத் தீப்புகுந்தார் என்னும். புறநானூற்றுக் குறிப்போ பார்ப்பார்க்கு அளித்து வடக்கிருந்தார் என்னும். இம்முரணைப் பலரும் ஆராய்ந்துள்ளனர். கல்வெட்டு அப்பெண்ணை 'அடைக்கலம்' என்றலே எமக்கு இன்றியமையாதது. அடைக்கலம் பிறர் பொருள், காத்து ஒப்படைத்தற்குரியது. கபிலர் கூறிய சொல் அதுவன்று.

எனினும் 236 ஆம் பாட்டுத் தடையாக நிற்கின்றது. வடக்கிருக்கும் கபிலர், தம்மை உடன்வர விடாத பாரியொடு புலந்து, மறுமையில் அவனோடு உறைதலையே வேண்டுகின்றார். மகளிரைப் பற்றி அப்பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. கடன் முடிந்தது, தந்தைமையும் முடிந்தது என்பார்க்கு விடை கூறுதல் எளிதன்று. நட்பிலிருந்து பிறந்த அவ்வுறவு இறுதியில் நட்பினுள்ளேயே ஒடுங்கியது என்றே யாம் கொள்கின்றேம்.

பாரி மகளிர் பாடியதாக உள்ளது 112 ஆம் பாட்டு ஒன்றே. அதன்கண் அவர் தந்தையையும் குன்றையும் இழந்து இரங்குகின்றனர். கபிலரை அவர் எம்முறை கூறி அழைத்தனர் என்பதற்கு அதன்கண் சான்று இல்லை.